புதுக் கருவிச் செய்தி மட்டும் போதுமா?

தொழில்நுட்ப நிருபர் என்ன வேலை செய்கிறார் என்று பள்ளி மாணவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். புதிதாக வந்த கருவிகளைப் பற்றி எழுதுகிறார் என்பார்கள். புதிய கைப்பேசி வந்தால் எழுதுகிறார். புதிய மின்சாரக் கார் வந்தால் எழுதுகிறார். ராக்கெட் கிளம்பினால் எழுதுகிறார். இந்த விடையில் தவறில்லை. பத்திரிகைகளைப் புரட்டினால் நம் கண்ணில் படுபவை இவைதாமே! ஆனால் அந்த வேலையில் இது சுலபமான பகுதி. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யந்திரம் அதைக் கையாளும் மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது என்று கண்டறிந்து எழுதுவது கடினமான பகுதி. முதல் வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. இரண்டாவதற்கு எப்போதும் பஞ்சம்தான். ஏன் அப்படி என்பதையும், அந்தப் பஞ்சத்தால் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பட்ட துன்பத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், எழுதும் கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுக்கொள்பவரைச் சுயேச்சைப் பத்திரிகையாளர் என்கிறோம். லண்டனில் இருந்துகொண்டு விஞ்ஞானம், தொழில்நுட்பம் பற்றி எழுதும் அப்படிப்பட்ட ஒருவரின் வாரத்தைக் கவனியுங்கள். திங்கட்கிழமை காலையில் அவருடைய மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழியும். கம்பெனிகளின் அறிவிப்புகள், பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகள், கண்காட்சி அழைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் எழுதத் தகுந்ததைப் பொறுக்கி எடுத்து, "இதைப் பற்றி எழுதித் தரட்டுமா?" என்று பத்திரிகை ஆசிரியர்களுக்கு நாலைந்து வரியில் கேட்டு எழுத வேண்டும். பல கேள்விகளுக்குப் பதிலே வராது. வந்த பதிலில் ஒன்றிரண்டு சம்மதமாக இருந்தால் அந்த வாரம் அடுப்பெரியும்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 'நேச்சர்' என்ற பிரிட்டிஷ் விஞ்ஞான வார இதழ் தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சில நாள் முன்னதாகவே நிருபர்களுக்குக் காட்டிவிடுகிறது. ஆனால் புதன்கிழமை லண்டன் நேரப்படி மாலை 4 மணிக்கு முன்னால் எவரும் அதைச் செய்தியாக வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழுக்கு வியாழக்கிழமை. அந்நாட்டுக் கிழக்குக் கரை நேரப்படி பிற்பகல் 2 மணி. உலகமெங்கும் ஒரே கண்டுபிடிப்பைப் பற்றிய செய்தி ஒரே நாளில் எல்லாப் பத்திரிகைகளிலும் வருவதைக் கண்டு நீங்கள் வியந்திருக்கலாம். அதன் ரகசியம் இந்தக் கடிகாரம்தான். கம்பெனிகளும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. புதிய கருவியை நிருபரிடம் இரவலாகக் கொடுத்து, இன்ன நாள் இன்ன மணிக்கு எழுதலாம் என்கின்றன.

இந்த முறையில் நன்மையும் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையை நிதானமாகப் படிக்கவும், துறை அறிந்த வேறொருவரிடம் கருத்துக் கேட்கவும் நிருபருக்கு அவகாசம் கிடைக்கிறது. நான் குறை கூறுவது வேறொன்றை. எதைப் பற்றி எப்போது எழுதுவது என்பதை நிருபர் தீர்மானிப்பதில்லை. அறிவிப்பை அனுப்புகிறவர் தீர்மானிக்கிறார். வெள்ளிக்கிழமை எழுதியதற்குப் பில் அனுப்பி, போன மாதம் அனுப்பிய பில் என்னவாயிற்று என்று விசாரித்து முடித்தால் வாரம் தீர்ந்துவிடுகிறது. அறிவிப்பே வராத விஷயங்களுக்கு அந்த வாரத்தில் இடமில்லை. ஒரு யந்திரம் பிழை செய்கிறது என்று எந்தக் கம்பெனியும் அறிவிப்பு அனுப்புவதில்லை அல்லவா?

இனி பிரிட்டன் நிகழ்ச்சிக்கு வருவோம்.

அந்நாட்டில் பெரும்பாலான தபால் நிலையங்களை அரசு ஊழியர்கள் நடத்துவதில்லை. ஊரில் கடை வைத்திருப்பவர் ஒப்பந்தம் செய்துகொண்டு, கடையின் ஒரு பகுதியில் தபால் நிலையத்தையும் நடத்துவார். முதியோர் ஓய்வூதியம், சேமிப்பு, தபால் தலை என்று நாள்தோறும் பணம் புரளும் இடம் அது. அந்தக் காலத்தில் கணக்கில் பணம் குறைந்தால் போஸ்ட்மாஸ்டர் தம் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. 1999-ஆம் ஆண்டு முதல் இந்தக் கணக்குகளை எல்லாம் 'ஹொரைசன்' என்ற கணிப்பொறி அமைப்புக்கு மாற்றினார்கள். அதை அமைத்து நடத்தியது ஃபுஜிட்சு கம்பெனி. அது வந்தது முதல், நேர்மையாகக் கணக்கு வைத்திருந்த பலரிடம் திடீர் திடீரென்று பற்றாக்குறை தோன்றியது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களுக்கு, "வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லையே, உங்களுக்கு மட்டும்தான்" என்று பதில் வந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட போஸ்ட்மாஸ்டர்கள் திருட்டு, பொய்க் கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இவர்களில் 700 பேருக்கு மேல் வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமே. சர்ரே மாவட்டத்தில் வெஸ்ட் பைஃப்ளீட் என்ற ஊரின் போஸ்ட்மாஸ்டராக இருந்த சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணிக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அப்போது அவர் கர்ப்பிணி.

யந்திரம் எப்படித் தவறு செய்தது? ஒரே ஒரு உதாரணம் போதும். 2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்ற ஊரில், பையில் வந்த 8,000 பவுண்டு ரொக்கத்தை வரவு வைக்க ஓர் ஊழியர் விசையை அழுத்தினார். திரை அசையாமல் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். திரை உறைந்திருந்தாலும் உள்ளே புரோகிராம் உறையவில்லை. ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு 8,000 வரவாகிக்கொண்டே போயிற்று. நான்கு முறை சேர்ந்து 32,000. பெட்டியில் இருந்ததோ 8,000. கணிப்பொறியின் கணக்குப்படி அங்கே 24,000 பவுண்டு காணவில்லை! மின்விசிறி சுற்றவில்லை என்றால் நாமும் சுவிட்சை நாலு தடவை தட்டிப் பார்ப்பது வழக்கம்தானே. மனிதர் அப்படித்தான் செய்வார் என்பதை எதிர்பார்த்துப் புரோகிராம் எழுதியிருக்க வேண்டும். இது அந்த ஊரில் உடனே வெளிப்பட்டது. ஆனால் காரணம் தெரியாத பற்றாக்குறைகளுக்கு வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் பலர்.

நீதிமன்றம் ஏன் கேட்கவில்லை என்று தோன்றும். கணிப்பொறிச் சான்றைக் கொண்டுவருபவர் அந்தக் கணிப்பொறி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றொரு விதி இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1999-இல் இயற்றிய சட்டம் அதை நீக்கிவிட்டது. அதன் பிறகு, தவறு என்று யாராவது காட்டும்வரை யந்திரம் சரியாகவே இயங்கியதாகக் கொள்வது வழக்கமாயிற்று. ஊர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு பெரிய கம்பெனியின் புரோகிராமில் உள்ள பிழையை எப்படிக் காட்டுவார்? அவர் கையில் இருப்பது ரசீதுச் சுருள் மட்டும்தான்.

இங்கேதான் நிருபரின் வேலை வருகிறது. வேல்ஸ் நாட்டு லான்டட்னோ ஊரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஒப்பந்தத்தை இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் 2004-இல் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற இதழைத் தொடர்புகொண்டார். 1966-இல் தொடங்கிய தொழில்நுட்ப வார இதழ் அது. ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? அவரே கணக்கில் தவறியிருக்கலாம். அல்லது பொய் சொல்லலாம். சோதனைச் சாலையிலும் ஒரே ஒரு தடவை கிடைத்த அளவீட்டை நாம் நம்புவதில்லை. பிறகு வேறு ஊர்களிலிருந்தும் அதே கதை வந்தது. 2009 மே மாதம் ரெபெக்கா தாம்சன் என்ற நிருபர் ஏழு போஸ்ட்மாஸ்டர்களின் அனுபவங்களைச் சேர்த்து எழுதினார். ஏழு பேர், ஒரே கணிப்பொறி, ஒரே வகைப் பற்றாக்குறை. "உங்களுக்கு மட்டும்தான்" என்று தனித்தனியே சொல்லப்பட்டவர்கள் முதன்முதலாக ஒரே பக்கத்தில் ஒன்று சேர்ந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் ஒரு விஞ்ஞான அட்டவணை என்றே சொல்வேன்.

அந்தக் கட்டுரை வெளிவந்தபோது பெரிய நாளிதழ்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதில் புதிய கருவி எதுவும் இல்லை; பார்க்க அழகான படமும் இல்லை. கணக்குப் புரோகிராம் என்றாலே வாசகர் கொட்டாவி விடுவார் என்று ஆசிரியர்கள் நினைத்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு நிக் வாலிஸ் என்ற வானொலி நிருபருக்கு ஒரு டாக்சி முதலாளியின் அறிமுகம் கிடைத்தது. என் மனைவி செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கிறாள் என்றார் அவர். அந்த மனைவிதான் சீமா மிஸ்ரா. வாலிஸ் அன்று முதல் இந்த விஷயத்தை விடவில்லை. 2018-இல் 555 போஸ்ட்மாஸ்டர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. புரோகிராம் பிழைகள், பதிவேடுகள், நிபுணர் வாக்குமூலங்கள் என்று நாட்கணக்கில் நீளும் விசாரணை. நாள்தோறும் அதில் உட்கார ஒரு முழுநேர நிருபரை எந்தப் பத்திரிகை அனுப்பும்? சுயேச்சைப் பத்திரிகையாளரான வாலிஸ், பொதுமக்களிடமே நிதி திரட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாள் விசாரணையையும் உடனுக்குடன் எழுதி வெளியிட்டார்.

அந்த விசாரணையில் வெளிவந்த காகிதங்களில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஹொரைசனைப் பராமரித்த பொறியாளர்கள், தெரிந்த பிழைகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். வெளியே "பழுதற்ற அமைப்பு" என்று சொல்லப்பட்ட அதே காலத்தில், உள்ளே பிழைகளின் பட்டியல் வளர்ந்துகொண்டிருந்தது. கிளைக் கணக்குகளை வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாது என்று தபால் நிறுவனம் சொல்லிவந்தது. கம்பெனியின் பொறியாளர்களால் மாற்ற முடியும் என்று அங்கே முன்பு பணிபுரிந்த ஒருவர் 2015-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் சொன்னார், நீதிமன்றத்திலும் அதுவே நிலைபெற்றது. 2019 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. தபால் நிறுவனத்தின் பிடிவாதத்தை, பூமி தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார் நீதிபதி. 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் இந்தக் கதையைக் காட்டிய பிறகே நாடு முழுவதும் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு மே மாதம் பார்லிமென்ட் தனிச் சட்டம் இயற்றி மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கியது. ரெபெக்கா தாம்சனின் கட்டுரைக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்!

பொறியியல் படித்தவர்களே தொழில்நுட்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஹொரைசனை நன்கு அறிந்த பொறியாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களிடமிருந்து செய்தி வெளியே வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. விசையை அழுத்துபவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அதைக் காகிதத்தோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம் நிருபருக்கு வேண்டும். காகிதம் புரியவில்லை என்றால் பொறியாளரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதற்கு வேண்டியது நேரம். எழுதிய சொல்லுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் பத்திரிகை அந்த நேரத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. சுயேச்சைப் பத்திரிகையாளர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது, என்ன எழுதினாய் என்று கேட்காமல், படிப்பதற்கும் விசாரிப்பதற்கும் கூலி கொடுக்கப் பத்திரிகைகள் முன்வர வேண்டும் என்பது என் கருத்து. செலவாகும் என்பார்கள். ஆகட்டும், இரவல் கருவிகளைப் பற்றிய நாலு கட்டுரைகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களாகிய நீங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய கருவி பற்றிய செய்தி எதைப் படித்தாலும், அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர் யாராவது அந்தச் செய்தியில் பேசுகிறாரா என்று தேடிப் பாருங்கள். கம்பெனியின் தலைவரும் ஆராய்ச்சியாளரும் மட்டும் பேசினால் அந்தச் செய்தி இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன படிக்கலாம் என்று கேட்பீர்கள். நான் சொல்பவை எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. பக்கத்தில் ஓர் அகராதி வேண்டும். போஸ்ட்மாஸ்டர்களின் கதையை முழுவதும் அறிய விரும்பினால் நிக் வாலிஸ் 2021-இல் வெளியிட்ட 'தி கிரேட் போஸ்ட் ஆபீஸ் ஸ்கேண்டல்' என்ற நூல் இருக்கிறது. கனமான நூல். அதைவிட 2019 தீர்ப்பின் தொழில்நுட்பப் பின்னிணைப்பு எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பிழையும் எப்போது தோன்றியது, யார் கவனித்தார்கள் என்று நீதிபதி ஒரு மாணவரின் ஆய்வேடு போல எழுதியிருக்கிறார். டிரேசி கிடரின் 'தி சோல் ஆஃப் எ நியூ மெஷின்' 1981-இல் வந்தது. ஒரு கணிப்பொறியை இளம் பொறியாளர்கள் எப்படி உருவாக்கினார்கள் என்ற கதை. புலிட்சர் பரிசு பெற்றது. படிக்கச் சுவையானது என்பதற்கு மேல் இங்கே சொல்லத் தேவையில்லை.

விபத்து விசாரணை அறிக்கைகளை யாரும் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை. நான் செய்கிறேன். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தது. விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், குழுவின் அறிக்கைக்குத் தாமே ஒரு பின்னிணைப்பு எழுதினார். ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று அவர் விசாரித்தபோது, பொறியாளர்கள் நூறில் ஒன்று என்றார்கள். நிர்வாகத்தினர் லட்சத்தில் ஒன்று என்றார்கள். லட்சத்தில் ஒன்று என்றால் தினம் ஓர் ஓடத்தை ஏவினாலும் சராசரியாகச் சுமார் 274 ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் விபத்து நேரும். 365-ஆல் வகுத்து நீங்களே சரிபார்க்கலாம். ஓடம் வெடித்ததோ விண்வெளி ஓடத் திட்டத்தின் இருபத்தைந்தாவது பயணத்தில். சில பக்கங்களே உள்ள கட்டுரை; பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

இன்னொன்று நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் 1993-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் யந்திரம். கணிப்பொறி அதை இயக்கியது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தபோது, திரையில் 'பழுது 54' என்று மட்டும் வந்தது. 54 என்றால் என்ன என்று கையேட்டில் இல்லை. கம்பெனியிலிருந்து வந்து சோதித்தவர்களுக்கு அந்தப் பழுது அகப்படவே இல்லை. அடுத்த மாதம் அதே யந்திரத்தில் இன்னொருவருக்கும் நேர்ந்தது. அந்த மருத்துவமனையின் பௌதிக வல்லுநர், யந்திரத்தை இயக்கிய பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்று என்ன தட்டினாயோ அதைத் தட்டு என்றார். இருவருமாகத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்ததில் 'பழுது 54' மீண்டும் தோன்றியது. நாள்தோறும் செய்து பழகிய அந்தப் பெண்ணின் விரல்கள் மிக வேகமானவை. தவறாகத் தட்டிய ஓர் எழுத்தை எட்டு வினாடிக்குள் அவள் திருத்திவிட்டால், உள்ளே காந்தங்கள் நிலைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தத் திருத்தத்தைப் புரோகிராம் கவனிக்கத் தவறியது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அது எப்படி அகப்படும்? கட்டுரையின் முற்பகுதியில் யந்திரத்தின் அமைப்பு விவரிக்கப்படுகிறது. அது கடினமாகத் தோன்றினால் டைலர் நகர நிகழ்ச்சியிலிருந்து தொடங்கிப் படித்துவிட்டு, பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பலாம்.